எங்கே என்று கேட்கும் கடை

ஜூன் 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. எந்த அண்ணன் என்று யோசிக்காதே, உனக்கு இருப்பது ஒரே ஒரு கழுதைதான். மூன்று வருஷம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது காகிதத்தில் வந்து நிற்கிறேன். நீ இருக்கும் இல்லத்தில் யாருக்கும் போன் கிடையாதாம், நம்பரை வைத்து உன்னைக் கட்டிய அந்த ஆள் தேடி வந்துவிடுவான் என்பதால் கடிதம்கூட அலுவலகம் வழியாகத்தானாம். பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட இல்லத்து அம்மா சொன்னார். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்ட கை இது. பிழை இருந்தால், வேறு யாரும் எழுதவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

சில்லு நன்றாக இருக்கிறாள். கண்ணாடி வெட்டும்போது ஓரத்தில் உதிருமே, அந்தச் சில்லு மாதிரி இத்தனூண்டு பிறந்தாள் என்று நான் வைத்த பெயர். எட்டு வயதாகியும் அந்தப் பெயருக்கு மோசம் செய்யவில்லை. மூன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி.

இவ்வளவு ஒழுங்கான பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவித் துடைத்து எடுத்த இடத்திலேயே வைக்கிறாள். உன் அண்ணி என்னைப் பார்த்து, “இருபத்தஞ்சு வருஷமா இந்த வீட்ல இருக்கீங்க, தட்டு எங்க இருக்குன்னு இவகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்குங்க” என்கிறாள்.

ஒரு வேடிக்கை கேள். நேற்று முன்தினம் அடுப்படியில் உன் அண்ணி ஒரு கப்பைக் கீழே போட்டாள். “யாருப்பா அது, என் கப்ப உடைச்சது?” என்று இங்கிருந்தே குரல் கொடுத்தேன். கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த சில்லு சட்டென்று கையைத் தூக்கினாள். “நான்தான்.”

“ஏய், மந்திரவாதியா நீ? இங்க உக்காந்துகிட்டே அங்க இருக்கற கப்ப உடைச்சியா?”

தூக்கிய கையை இறக்கவில்லை. மறுநாள் காலை ஒரே மழை. பள்ளிக்கூடத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு போகும்போது, “சூரியனக் காணோமே. யாரு எடுத்து ஒளிச்சு வெச்சது?” என்றேன். அதற்கும் கை மேலே போனது. குடையில் இடித்தது. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு என் ஜோக் எதுவுமே புரியாது என்பது உனக்குத் தெரியும்.

என்ன பிடிக்கும் என்று கேட்டால், “எல்லாம் பிடிக்கும்” என்கிறாள். உண்மையில் என்ன பிடிக்கும் என்று எழுது. உன் கால் எப்படி இருக்கிறது?

உன் அண்ணன்

—

ஜூன் 20

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளையை வைத்துக்கொண்டதற்கு நன்றி.

அவள் கை தூக்குவதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

அவள் அப்பா வீட்டுக்குள் வரும்போது ஏதாவது ஒன்று சரியில்லாமல் இருக்கும். செருப்பு கோணலாகக் கிடக்கும், குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். “யார் செஞ்சது?” என்பார். பதில் வரும்வரை அந்தக் கேள்வி ஓயாது. யாராவது ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும். அவளுக்கு நான்கு வயதிருக்கும்போது ஒருநாள் காதில் சொன்னேன். “கேட்ட உடனே கையத் தூக்கிடு கண்ணு. நான்தான்னு சொல்லிடு.” வேறு எதையும் அவள் அவ்வளவு வேகமாகக் கற்றுக்கொண்டதில்லை.

ஆகஸ்ட் 28-ஆம் தேதி விசாரணை. பிள்ளை தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று அவர் மனுப் போட்டிருக்கிறார். முதலில் ஒரு அதிகாரி வந்து, “கையில இருக்கற இந்தக் காயம் யாரு செஞ்சது?” என்று அவளிடம் கேட்டபோது, “நான்தான்” என்று கையைத் தூக்கினாள். அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். 28-ஆம் தேதியும் அதையே சொன்னால் அந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். நாம் எதையும் சொல்லிக்கொடுக்கவும் கூடாது. சொல்லிக்கொடுத்தது தெரிந்தால் அது அவருக்குத்தான் சாதகம் என்கிறார் வக்கீல்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பெரியப்பா மகன் கல்யாணத்தில், பந்தியில், என் மணிக்கட்டைக் காட்டி, “அண்ணா, அவருக்குக் கை கொஞ்சம் வேகம்” என்று உங்களிடம் மெதுவாகச் சொன்னேன். நீங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “மாப்பிள்ளைக்குக் கை வேகமாம், எங்க கடையில சேத்துவிட்டா ஒரு நாளைக்கு நூறு கண்ணாடி வெட்டுவாரு” என்றீர்கள். பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். வீட்டுக்குப் போன பிறகு அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னது உங்களுக்கு அப்போது புரிந்ததா, புரியவில்லையா? இந்த மூன்று வருஷமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். நடக்க மூன்று மாதம் ஆகுமாம்.

முட்டையில் வெள்ளை பிடிக்கும், மஞ்சள் பிடிக்காது. கொடுத்தால் தின்றுவிடுவாள்.

இப்படிக்கு,
தங்கை

—

ஜூலை 2

தங்கச்சிக்கு,

‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். “யாரோ பெரிய மனுஷனுக்கு வந்த லெட்டர் வழி தப்பி இங்க வந்துடுச்சு” என்று உன் அண்ணியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கும் விளையாட்டு ஓடவில்லை.

புரிந்தது. பாதி புரிந்தது. புரிந்த பாதி எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் ஜோக் அடித்தேன். எனக்கு வேறு கைத்தொழில் தெரியாது. மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அது மளிகைச் சீட்டு மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

முட்டை மஞ்சளை இப்போது நான் எடுத்துக்கொள்கிறேன். முதல் நாள் அவள் தட்டுக்கு மேலே என் கை போனதும் பிள்ளை அப்படியே கல்லாகிவிட்டாள். இப்போது கை நீட்டுவதற்கு முன்னால், “மஞ்சள் திருடன் வர்றான்” என்று அறிவித்துவிட்டு நீட்டுகிறேன்.

நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். நான் படிக்கிற காலத்தில்கூட இவ்வளவு பயந்து போனதில்லை. மூன்றாம் வகுப்பு டீச்சர் சின்ன வயது, கண்டிப்பான முகம்.

“உங்க பொண்ணு எனக்குப் புரியவே இல்ல. மூணு வாரத்துல பதினோரு பொருள் உடைஞ்சிருக்கு, இல்ல காணாமப் போயிருக்கு. எல்லாத்துக்கும் இவதான் கை தூக்கறா. அதுல ஒண்ணு இவ லீவு போட்ட அன்னைக்கு நடந்தது. இப்படிப் பொய் சொல்ற பிள்ளைய நான் பாத்ததில்ல” என்றார்.

மற்ற பிள்ளைகள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ரெட்டைச்சடை போட்ட ஒருத்தி இருக்கிறாள், வகுப்புக்கே அவள்தான் ராணி. எதையாவது உடைத்துவிட்டு, “ஏய் புதுசு, கையத் தூக்கு” என்கிறாளாம். தூக்குகிறாளாம்.

இடைவேளை மணி அடிக்கும்வரை இருந்து, கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். சில்லு தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். விளையாடவில்லை. முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடுகிற நாற்பது பிள்ளைகளில் எந்த முகம் சுளிக்கப்போகிறது என்று அந்த முகத்துக்கே தெரிவதற்கு முன்னால் இவளுக்குத் தெரிகிறது. ஒருவன் பந்தை இழந்து திரும்பினான். அவன் அழ ஆரம்பிக்கவே இல்லை, இவள் போய்த் தன் பென்சிலை நீட்டினாள். அவன் எதற்கென்றே தெரியாமல் வாங்கிக்கொண்டு ஓடினான். போன வாரம் ரப்பர், அதற்கு முன்னால் தலையிலிருந்த ரிப்பன். அவளோடு யாரும் சண்டை போடுவதில்லை. யாரும் விளையாடுவதும் இல்லை.

உன் அண்ணிக்குத் தையல் கம்பெனியில் ஆறு மணிவரை வேலை. அதனால் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் சில்லுவைக் கடைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன்.

அண்ணன்

—

ஜூலை 12

அண்ணனுக்கு,

கண்ணாடிக் கடைக்கா? உலகத்தில் வேறு இடமே இல்லையா?

அவளுக்குச் சத்தம் ஆகாது. பாத்திரம் விழுந்தால் மேசைக்கு அடியில் போய்விடுவாள். சாவி குலுங்குகிற சத்தத்தில் அவர் அன்றைக்கு எந்த மனநிலையில் வருகிறார் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். உங்கள் கடையில் ஒருநாள் ஒன்று உடையும், உங்கள் முதலாளி “யாரு?” என்று கத்துவார், இவள் கையைத் தூக்குவாள். அதோடு முடிந்தது. நாற்பத்தேழு நாளில் விசாரணை.

நீங்கள் விளையாட்டாகச் செய்வதெல்லாம் மற்றவர்கள் மேல்தான் வந்து விழும். எழுதிவிட்டேன். கிழிக்க மாட்டேன்.

தங்கை

—

ஜூலை 27

தங்கச்சிக்கு,

திட்டி முடித்தாயிற்றா. நீ சொன்ன மாதிரியே நடந்தது. கேள்.

எங்கள் கடை முன்பக்கம் ஒரு மேசை, பின்பக்கம் நீளமான கூடம். சுவரோரம் மரச் சட்டங்களில் கண்ணாடித் தகடுகள் அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல நிமிர்ந்து நிற்கும். நடுவில் கம்பளி விரித்த வெட்டு மேசை. முன்மேசைக்குப் பின்னால் சில்லுவுக்கு உயரமான ஸ்டூல் போட்டிருக்கிறோம். முதலாளியம்மா அவளுக்கு முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, “இதத் தாண்டாத” என்றார். அவள் எதையாவது தாண்டுகிற பிள்ளையா?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஓர் ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்கினேன். கூட வேலை செய்பவன் ஒருவன் இருக்கிறான், ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம், பெயரே ஒட்டடைதான். அவனைக் கேலி செய்துகொண்டே திரும்பினேன். மூலை இரும்புத் தூணில் இடித்தது. அவ்வளவு பெரிய கண்ணாடி உடைகிற சத்தத்தைவிட அதற்குப் பிறகு வரும் அமைதிதான் பெரிது.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. உடைந்தால் யாரும் நகரக் கூடாது. யார் என்று கேட்கக் கூடாது. எங்கே என்றுதான் கேட்க வேண்டும். அவரவர் நின்ற இடத்திலிருந்து கண்ணில் படுகிற சில்லையெல்லாம் சொல்ல வேண்டும், ஒருவர் மட்டும் கூட்டி எடுப்பார். பழைய முதலாளி காலத்தில் இப்படி இல்லை. எது உடைந்தாலும், “யார்றா?” என்று கூரை அதிரக் கத்துவார். அதற்குப் பயந்து எவனோ விரிசல் விட்ட தகடு ஒன்றை நல்ல தகடுகளுக்கு நடுவில் சொருகிவைத்தான். மறுநாள் அதைத் தூக்கியவன் ஒட்டடை. பாதி கையில் இருந்தது, பாதி கைமேல் விழுந்தது. இன்றைக்கும் அவனுக்கு இடது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி இல்லை. அதற்குப் பிறகு கடைக்கு வந்த முதலாளியம்மா போட்ட சட்டம் இது.

கண்ணாடி விழுந்தது. நான் ஸ்டூலைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையை நேராகத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “நான்தான்.”

யாரும் அந்தக் கையைப் பார்க்கவில்லை. ஒட்டடை எப்போதும்போலத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, “எங்க?” என்றான். “தூணுக்கு இந்தப் பக்கம் மூணு பெருசு” என்றார் முதலாளியம்மா. “என் பூட்ஸ்கிட்ட ரெண்டு” என்றேன் நான். பிறகு ஒட்டடை, “ஸ்டூல் பக்கம் என்ன தெரியுது?” என்றான். அவளைத்தான் கேட்டான்.

ஒரு கண்ணைத் திறந்தாள். அப்புறம் இன்னொன்றை. தூக்கிய கை மெதுவாக மடங்கி ஒரு விரல் மட்டும் நீண்டது.

“அங்க. அந்த மரச் சட்டத்துக்கு அடியில.”

“அப்புறம்?”

“மாமா காலர்ல.”

“அப்புறம்?”

தங்கச்சி, இருபத்துமூன்று இடம் காட்டினாள். கடைசியாகக் காட்டியது வாசல் மிதியடியில் சொருகியிருந்த கடுகளவு பொடி. இருபது வருஷமாகக் கண்ணாடியோடு வாழ்கிற மூன்று பேர் கண்ணிலும் அது படவில்லை. ஒட்டடை துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தான். “இந்தக் கண்ணு அன்னைக்கு இங்க இருந்திருந்தா என் ரெண்டு விரலும் பொழச்சிருக்கும்” என்றான். அந்தக் கண் எங்கே பழகியது என்று எனக்குத் தெரியும். அதனால் பெருமைப்படவும் முடியவில்லை, திறந்த வாயை மூடவும் முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டாள். “மாமா, யாருன்னு எப்பக் கேப்பாங்க?”

“கேக்க மாட்டாங்க.”

“நாளைக்குக் கேப்பாங்களா?”

“நாளைக்கும் மாட்டாங்க.”



அண்ணன்

—

ஆகஸ்ட் 5

அண்ணனுக்கு,

கடிதத்தைப் பக்கத்துக் கட்டில் அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். இருபத்துமூன்று என்ற இடத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு அவள் கண்ணைத் திறந்ததை நீங்கள் பார்த்தீர்கள். நான் பார்க்கவில்லை. பொறாமையாக இருக்கிறது.

விசாரணைக்கு நான் வர முடியாது, கம்பியை இன்னும் எடுக்கவில்லை. பிள்ளைக்குப் பழக்கமான ஒரு பெரியவர் பின்னால் உட்காரலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாதாம். நீங்கள்தான் போக வேண்டும். வாயைத் திறக்காமல் இருக்க இப்போதிருந்தே பழகிக்கொள்ளுங்கள்.

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தங்கை

—

ஆகஸ்ட் 16

தங்கச்சிக்கு,

என்னைக் கேலி செய்திருக்கிறாய். கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று பார்க்கிறேன். கடையில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை.

இனி எழுதுவது கேலி இல்லை.

வகுப்பில் விதை முளைக்க வைத்திருந்த கண்ணாடிப் புட்டி ஒன்று ஜன்னலோரத்திலிருந்து விழுந்தது. அன்று தரை கழுவியிருந்ததால் நாற்பது பிள்ளைகளும் ஷூவை வெளியே கழற்றி விட்டிருந்தார்கள். டீச்சர் பக்கத்து அறையில். சத்தம் கேட்டு அவர் ஓடி வந்து பார்த்தால், பெஞ்சு மேல் சில்லு நிற்கிறாள். “யாரும் நகராதீங்க. அப்படியே நில்லுங்க.” அந்தக் குரலை இத்தனை நாளில் யாருமே கேட்டதில்லையாம். ஒரு பிள்ளை அசையவில்லை.

டீச்சர் பழக்கத்தில், “யாரு உடைச்சது?” என்று கேட்டுவிட்டார். வகுப்பே இவளைக் காட்டியது. இவள் கை எழும்பியது. தோள்வரை வந்து நின்றதாம். பாதியில் நின்ற அந்தக் கையைத் தன்னால் மறக்க முடியாது என்கிறார் டீச்சர்.

“நான் இல்ல டீச்சர்.”

“அப்ப யாரு?”

“மொதல்ல எங்கன்னு கேளுங்க டீச்சர். எல்லாரும் வெறுங்கால்ல இருக்காங்க.”

எங்கே என்று கேட்டார். இவள் ஒவ்வொரு சில்லாகக் காட்ட, டீச்சர் குனிந்து பொறுக்கினார். பாதி பொறுக்குவதற்குள் ரெட்டைச்சடை தானாகவே அழ ஆரம்பித்தது. “நான்தான் டீச்சர்.”

இதையெல்லாம் சொல்ல டீச்சரே கடைக்கு வந்தார். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டடையின் விரல் கதையைக் கேட்டார். “நான் இவளப் பொய் சொல்ற பிள்ளைன்னு எழுதி வெச்சிருக்கேன்” என்றார். நடந்ததை அப்படியே எழுதி உன் வக்கீலுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் சில்லுவிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக இல்லை.

அண்ணன்

—

ஆகஸ்ட் 29

தங்கச்சிக்கு,

முதலில் இது. பிள்ளை எங்களிடம்தான் இருப்பாள், நீ எழுந்து நடக்கும்வரை. அந்த ஆள் எங்கள் தெருப் பக்கமே வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடித்ததற்கான வழக்கு தனியாக நடக்கும். மூச்சு விட்டுக்கொண்டு மீதியைப் படி.

சின்ன அறை. ஒரு மேசை, தலைக்கு மேலே கிறீச்சிடும் ஃபேன். விசாரணை செய்த அம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். நான் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். படிவத்தில் இருக்கிறபடி, “உனக்குக் காயம் பண்ணது யாரு?” என்று கேட்டார்.

 சில்லுவின் கை மடியிலிருந்து அசைந்தது. எழும்பியது. நான் என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த அம்மா டீச்சர் எழுதிய தாளைப் புரட்டினார். பேனாவைக் கீழே வைத்தார். “சரி, யாருன்னு வேண்டாம். எங்க? எங்க நடந்துச்சுன்னு காட்டறியா?”

கை நின்றது. சில்லு மேசையைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று மேசை மேலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்தாள்.

“இது அடுப்பு. இது கதவு.” ஸ்டேப்ளரை எடுத்து வைத்தாள். “அப்பா இங்க.” ரப்பரை வைத்தாள். “நான் இங்க.” பேனா மூடியைக் கதவுக்கு ஓரமாக வைத்தாள். “அம்மா இங்க. கையத் தூக்குன்னு கண்ணால சொல்வாங்க.”

உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மறைத்தால் அது விரிசல் விட்ட தகடு.

அதற்குப் பிறகு அவள் ஸ்டேப்ளரை நகர்த்தினாள். எந்த நாள், எந்தக் கதவு, எந்த ஆணியில் பெல்ட் தொங்கும், எந்தச் சுவர். அழவில்லை. குரல் உயரவில்லை. கடையில் கண்ணாடிச் சில்லுகளைக் காட்டிய அதே விரல், அதே நிதானம். அந்த அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். யார் என்று அவர் திரும்பக் கேட்கவே இல்லை. ஒரு வீடு முழுக்க அந்த மேசைமேல் எழுந்து நின்றது, தங்கச்சி. நான் பெரிய கட்டடங்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டியிருக்கிறேன். இந்த மாதிரி ஒன்றை அண்ணாந்து பார்த்ததில்லை.

முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு பேப்பர் க்ளிப்பை எடுத்து மேசையின் அந்தக் கோடியில், விழுந்துவிடுகிற மாதிரி ஓரத்தில் வைத்தாள்.

“இது யாரு?”

“மாமா. கல்யாண வீட்ல. அம்மா கையக் காட்டுனாங்க. மாமா சிரிச்சாங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. மிதியடியில் பொடிச் சில்லு இருக்கிறது என்று சொன்னாளே, அப்படிச் சொன்னாள். அந்தக் கல்யாணத்தின்போது அவளுக்கு ஐந்து வயது. வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் திருப்பி வைக்க ஆரம்பித்தாள். க்ளிப்பிடம் வந்ததும் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு வந்து ரப்பருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இப்ப இங்க” என்றாள்.

அண்ணன்

—

செப்டம்பர் 6

அண்ணா,

உன் கடிதத்தை முதல் தடவை முழுதாகப் படிக்க இரண்டு நாள் ஆயிற்று.

அவள் என்னை வைத்த இடம் சரியான இடம். நான் அங்கேதான் நின்றேன். அவர் கையை என்னால் பிடிக்க முடியவில்லை, அதனால் அவள் கையைத் தூக்க வைத்தேன். அதை அவளிடம் நானே சொல்வேன். அவள் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன்.

க்ளிப்பை நகர்த்தினாள் என்று எழுதினாய். பேனா மூடியை நகர்த்தினாளா என்று நீ எழுதவில்லை. நான் கேட்கவும் மாட்டேன். அது நான் வந்து நகர வேண்டிய தூரம்.

இன்று கம்பைப் பிடித்துக்கொண்டு பதினோரு அடி நடந்தேன். கதவுவரை.

உன் தங்கச்சி

—

செப்டம்பர் 15

தங்கச்சிக்கு,

‘நீ’ என்று எழுதியிருக்கிறாய். கடிதம் சரியான வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

பதினோரு அடியைச் சில்லுவிடம் சொன்னேன். கூடத்தில் அளந்து பார்த்தாள். அவள் அடியில் அளந்தால் ஜன்னல்வரை வந்தது, என் அடியில் அளந்தால் வாசல் தாண்டியது. “அம்மா அடி எவ்ளோ பெருசு?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். “வந்ததும் அளக்கலாம்” என்றாள்.

வியாழக்கிழமை மறுபடி பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. எனக்குப் பழைய பயம். போனால் டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார். சில்லுவுக்கும் ரெட்டைச்சடைக்கும் சண்டையாம். கொடுத்த ரப்பரை இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். அவள் தர மாட்டேன் என்றிருக்கிறாள். இவள், “அது என்னோடது” என்று சொல்லியிருக்கிறாள், இரண்டு தடவை. இடைவேளை முழுக்க இருவருக்கும் பேச்சு இல்லை. மணி அடிக்கும் நேரத்தில் ரப்பரைப் பாதியாகக் கடித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்களாம். ஒரு சண்டைக்குச் சந்தோஷப்பட்டு ஒரு டீச்சரும் ஒரு கண்ணாடிக்காரனும் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது உலகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும். உன் அண்ணியிடம் சொன்னேன். இந்தத் தடவை அவளும் சிரித்தாள். அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள்.

கையைத் தூக்குவது முழுக்க நிற்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். திடீரென்று ஏதாவது விழுந்தால் தோள்வரை இன்னும் வருகிறது. வந்து, யோசிக்கிறது, இறங்குகிறது. அது இறங்குவதை வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறேன். ஒட்டடையும் பார்க்கிறான். இருவரும் பார்க்காத மாதிரி இருக்கிறோம்.

இன்று காலை மழை. ஒரே குடையில் போய்க்கொண்டிருந்தோம். சில்லு பூட்ஸைப் போட்டுக்கொண்டு தண்ணீர் தேங்கிய இடமாகப் பார்த்துப் பார்த்து மிதித்தாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்த ஜோக்கை நான் தொட்டதே இல்லை. இன்றைக்கு என்ன துணிச்சலோ, வாயில் வந்துவிட்டது. “சூரியனக் காணோமே. யாரு எடுத்து ஒளிச்சு வெச்சது?”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் கையைப் பார்த்தேன். அது என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்தபடியே இருந்தது.

அடுத்த தண்ணீரை மிதித்துவிட்டு, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

“நீங்கதான் மாமா. எங்க வெச்சீங்க?”

அண்ணன்